வீடே அலுவலகமானால் படிவத்தில் எந்த முகவரி?

வாசகர் கேள்வி:

மதுரையைச் சேர்ந்தவன். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் மென்பொருள் பொறியாளராக நான்காவது ஆண்டு வேலை செய்கிறேன். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறது. நிறுவனம் எனக்காகப் போட்ட எச்-1பி மனுவிலும் அந்த முகவரியே பணியிடமாகக் காட்டப்பட்டிருக்கிறது. வாடகை கட்டுப்படியாகாததால் மேலாளரின் அனுமதியோடு மூன்று மாதங்களுக்கு முன்பு மனைவி, மகனுடன் வட கரோலினாவின் கேரி நகருக்குக் குடிவந்துவிட்டேன். வேலை முழுவதும் வீட்டிலிருந்துதான். மாதம் ஒருமுறை கூட்டத்துக்காக சான் ஹோசே போய்வருகிறேன். “தலைமை அலுவலக முகவரியே இருக்கட்டும், அது போதும்” என்கிறார் மேலாளர். தபாலுக்காக சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் வீட்டு முகவரியையே எல்லா இடத்திலும் கொடுத்து வைத்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் இன்னும் கலிபோர்னியா வரிதான் பிடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் எச்-1பி நீட்டிப்பு வருகிறது. கிரீன் கார்டுக்கான பெர்ம், அதாவது தொழிலாளர் துறையின் சான்று வாங்கும் வேலையும் தொடங்கப்போகிறது. எந்தப் படிவத்தில் எந்த முகவரியை எழுதுவது? உடல்நலம் குன்றிய அம்மாவோடு இருக்க டிசம்பரில் மதுரை வந்து, இரண்டு மாதம் அங்கிருந்தே வேலை செய்யவும் நினைக்கிறேன். அதில் சிக்கல் உண்டா?

ஆலோசனை:

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியிடம் எது என்று கேட்கும் எந்தக் கட்டத்திலும், நீங்கள் தினமும் மடிக்கணினியைத் திறந்து உட்காரும் இடத்தின் முகவரிதான் வரவேண்டும். உங்கள் விஷயத்தில் அது கேரி வீடு. சான் ஹோசே முகவரியை நிறுவனத்தின் முகவரியைக் கேட்கும் கட்டத்தில் எழுதலாம். நண்பர் வீட்டு முகவரியை உங்கள் குடியிருப்பு என்று எங்குமே எழுதக் கூடாது. நீட்டிப்புக்கு ஆறு மாதம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அவ்வளவு நாள் உங்களுக்கு இல்லை. கேரியில் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் நிறுவனம் திருத்த மனு போட்டிருக்க வேண்டும். எனவே இந்த வாரமே நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இந்தப் படிவங்கள் ‘முகவரி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகளை வைத்திருக்கின்றன. நிறுவனம் எங்கே இருக்கிறது? வேலை எங்கே நடக்கிறது? நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? அலுவலகத்துக்குப் போய்வருகிறவருக்கு முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்குக் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தபால் எங்கே வரவேண்டும் என்பது நான்காவதாக வரும் சின்ன விஷயம். அங்கே மட்டும் நண்பரின் முகவரியை, அவர் பெயர் வழியாக என்று குறிப்பிட்டு எழுதலாம். இந்த நான்கையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல வேலையில், நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள்கூட விசாவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எச்-1பியில் பணியிட முகவரிக்கு இவ்வளவு எடை ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். மனு குடிவரவுத் துறைக்குப் போவதற்கு முன்பு, நிறுவனம் தொழிலாளர் துறையிடம் இடிஏ-9035 என்ற படிவத்தைப் போட்டுச் சான்று வாங்குகிறது. எல்சிஏ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இந்த ஊரில் இதே வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் தருவோம், இங்குள்ள மற்ற தொழிலாளர்களின் நிலைமை கெடாது, அவர்கள் அறிய அறிவிப்பும் ஒட்டுவோம் என்று நிறுவனம் அதில் உறுதி தருகிறது. அந்த உறுதி அந்த வட்டாரத்துக்கு மட்டுமே. சான் ஹோசேக்குப் பெற்ற சான்று கேரியில் செல்லாது.

“சான் ஹோசே ஊதியம்தான் கேரியைவிட அதிகமாயிற்றே, அதிகத்தைக் காட்டிக் குறைந்த ஊரில் இருந்தால் யாருக்கு நஷ்டம்?” என்று உங்கள் மேலாளர் கேட்கக்கூடும். இதை நல்ல எண்ணத்தோடு கேட்பவர்கள் பலர். ஆனால் ஊதியம் அந்தச் சான்றின் ஒரு பகுதிதான். கேரி வட்டாரத்தில் இதே வேலை செய்பவர்களுக்கு அறிவிப்பு கிடைக்கவில்லை; கேரிக்கென்று சான்றே இல்லை. உங்கள் சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த இரண்டு குறைகளும் அப்படியே நிற்கும்.

2015 ஏப்ரல் 9 அன்று குடிவரவுத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் இதை முன்னுதாரணத் தீர்ப்பாகவே சொல்லிவிட்டது. மனுவில் காட்டிய பணியிடம் கலிபோர்னியாவின் லாங் பீச். பின்னால் நிறுவனம் காட்டிய இடங்களில் ஒன்று கிழக்குக் கரையில் இருக்கும் நியூஜெர்ஸியின் ஹோபோக்கன். புதிய எல்சிஏ தேவைப்படும் அளவுக்கு இடம் மாறினால் அது அடிப்படை மாற்றம், திருத்த மனு போட்டே ஆகவேண்டும் என்பது தீர்ப்பு. பத்தாண்டுகளாக வழிகாட்டியாக இருந்த இது, 2024 டிசம்பரில் வெளியாகி 2025 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த புதிய எச்-1பி விதிகளில் விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

எல்லா வீடு மாற்றத்துக்கும் திருத்த மனு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தெரு மாறுகிறவர்கள்கூடப் பயந்துவிடுவார்கள். ஒரு பெருநகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்து அரசு வகுத்திருக்கும் ஒரே பெருநகரப் புள்ளியியல் பகுதிக்குள் மாறினால் பழைய எல்சிஏ போதும். புதிய இடத்தில் வேலை தொடங்கும் நாளுக்குள் அறிவிப்பு ஒட்டினால் முடிந்தது. டெக்சாஸில் இர்விங்கிலிருந்து பிளானோவுக்கு மாறுகிறவர் இந்த வகை. இரண்டும் டல்லாஸ் பெருநகரப் பகுதிக்குள் இருக்கின்றன. எல்லைக்கோடு மட்டுமே முடிவுசெய்வதும் இல்லை. நியூஜெர்ஸியில் எடிசன் நியூயார்க் பெருநகரப் பகுதியைச் சேர்ந்தது; பிரின்ஸ்டன் வேறு பகுதி. ஆனாலும் தினமும் சாதாரணமாகப் போய்வரக்கூடிய தூரம் என்று காட்ட முடிந்தால் விதி அதற்கு இடம் தருகிறது. இத்தனை மைல் என்று விதியில் வரம்பு இல்லை. இப்படி எல்லையோரத்தில் இருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது. உங்களுக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம். சான் ஹோசேக்கும் கேரிக்கும் நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது.

குறுகிய காலத்துக்கு வேறு ஊரில் வேலை செய்யலாம் என்ற சலுகையை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக்கூடும். ஆண்டுக்கு 30 வேலை நாள்வரை, சில நிபந்தனைகளோடு 60 வேலை நாள்வரை, புதிய எல்சிஏ இல்லாமல் வேறு ஊருக்கு அனுப்ப விதி உண்டு. அது நிறுவனம் தன் வேலைக்காக ஒருவரை அனுப்பி, அவர் தங்கும் செலவையும் பயணச் செலவையும் ஏற்கும்போது பொருந்துவது. 60 நாள் கணக்குக்குப் பழைய ஊரில் உங்களுக்கு வீடும் மேசையும் இருக்கவேண்டும். வீட்டைக் காலிசெய்துவிட்டுக் குடும்பத்தோடு குடிபோனவருக்கு இந்தக் குடை நிழல் தராது.

இப்போது மூன்று மாதத் தாமதத்துக்கு வருகிறேன். கேரியில் நீங்கள் செய்த வேலை, அங்கீகரித்த மனுவின் நிபந்தனைக்கு வெளியே நடந்தது. இதை மென்மையாகச் சொல்லி உங்களைத் தேற்றினால் அது உங்களுக்கு நன்மையாகாது. சரிசெய்யும் வழி இருக்கிறது, வேகமாக நடக்கவேண்டும். கேரி முகவரியோடு புதிய எல்சிஏ போடச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை ஏழு வேலை நாளில் முடிவு சொல்லும், அதற்குக் கட்டணமும் கிடையாது. சான்று வந்தவுடன் ஐ-129 படிவத்தில் திருத்த மனு. மனு முறையாகத் தாக்கலாகிவிட்டால், ஒப்புதல் வரும்வரை காத்திராமல் புதிய இடத்தில் வேலை செய்யலாம் என்பது பொதுவான விதி. ஆகவே இடைப்பட்ட இரண்டு மூன்று வாரமும் நீங்கள் சான் ஹோசே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். குடும்பம் கேரியில் இருக்கட்டும். விமானச் செலவும் அறை வாடகையும் ஆகும்தான். ஆனால் மனு போடும் நாளில் நீங்கள் நிபந்தனைக்குள் இருப்பவராக இருப்பீர்கள்.

அதன்பின்னும் அதிகாரி பழைய மூன்று மாதத்தைக் கேட்கலாம். மனுவை ஏற்று, தங்கும் கால நீட்டிப்பை மட்டும் மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஆனால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வரவேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் சில எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்ற அதிபரின் பிரகடனம் இங்கேதான் கவலை தருகிறது. நாட்டுக்குள் இருப்பவருக்கான திருத்தத்துக்கும் நீட்டிப்புக்கும் அந்தத் தொகை இல்லை என்று குடிவரவுத் துறை அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று விளக்கியது. ஆனால் அந்த நபர் முறையான நிலையில் இல்லை என்று கண்டு திருத்தத்தையோ நீட்டிப்பையோ மறுத்தால் தொகை பொருந்தும் என்றும் அதே விளக்கம் சொல்கிறது. இத்தனை பெரிய தொகை ஒரு முகவரிக் கட்டத்தில் தொங்குகிறது. எனவே மாறிய தேதியை வழக்கறிஞரிடம் ஒளிக்காதீர்கள். மேலாளர் அனுமதி தந்த மின்னஞ்சலை எடுத்து வையுங்கள். இடமாற்றம் நிறுவனத்துக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு அது சான்று. நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்தின் நலனையும் பார்க்கவேண்டியவர் என்பதால், உங்களுக்கென்று தனியாக ஒருவரிடம் ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்பதும் வீண் செலவாகாது.

உங்களுக்கு ஆறுதலான ஒரு விதியும் உண்டு. வேலைவழிக் கிரீன் கார்டுக்குக் கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போடும்போது, கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து மொத்தம் 180 நாள்வரையிலான நிலை மீறலைக் குடிவரவுச் சட்டத்தின் 245(கே) பிரிவு மன்னிக்கிறது. அந்த எண்ணிக்கை உங்களுக்கு இன்னும் தாண்டவில்லை. ஆறு மாதம் சும்மா இருந்தால் தாண்டிவிடும்.

இடம் மாறியதற்கு மன்னிப்பு உண்டு. தெரிந்தே பொய்யான முகவரி எழுதியதற்கு அப்படி எளிதில் கிடைக்காது. படிவங்களில் நீங்களும் நிறுவனமும் போடும் கையெழுத்து, சொன்னதெல்லாம் உண்மை என்று சட்டத்தின் தண்டனைக்கு உட்பட்டுப் போடுவது. முக்கியமான உண்மையை வேண்டுமென்றே திரித்துச் சொல்லி விசா நன்மை பெற்றார் என்று முடிவானால், காலவரம்பு இல்லாமல் அமெரிக்க நுழைவுக்கே தகுதி போய்விடும். “தலைமை அலுவலக முகவரியே இருக்கட்டும்” என்று ஒரு மேலாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அதன் பலனைச் சுமப்பது உங்கள் கடவுச்சீட்டு.

நண்பர் வீட்டு முகவரியை இன்றே மாற்றுங்கள். அமெரிக்காவில் இருக்கும் வெளிநாட்டவர் வீடு மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குச் சொல்லவேண்டும். ஏஆர்-11 என்ற படிவம், இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. உங்களுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மகன் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருந்தால் அவனுக்கும் தனியாக. அமெரிக்காவில் பிறந்தவன் என்றால் தேவையில்லை. தாமதமானாலும் செய்வது செய்யாததைவிட எவ்வளவோ மேல். செய்தபின் வரும் உறுதிப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் கொடுத்துவிட்டோம், அதுவே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அஞ்சலகம் குடிவரவுத் துறைக்கு எதையும் தெரிவிப்பதில்லை. ஏஆர்-11 போடுவதால் உங்கள் பணியிடமும் மாறிவிட்டதாக ஆகாது. அது உங்கள் கடமை. திருத்த மனு நிறுவனத்தின் கடமை. இரண்டும் தனித்தனி.

ஐ-129 படிவத்தைப் பார்ப்போம். முதல் பகுதியில் மனுதாரர், அதாவது நிறுவனம்: சான் ஹோசே. மூன்றாம் பகுதியில் உங்கள் தற்போதைய குடியிருப்பு: கேரி. ஐந்தாம் பகுதியில் வேலை நடக்கும் இடம்: மறுபடியும் கேரி, அதே கதவு எண்ணோடு. அடுக்குமாடி என்றால் வீட்டு எண்ணை விடாதீர்கள். ஒரு படிவத்தில் எண் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. தபால் பெட்டி எண்ணையும், தபால் வாங்கித் தரும் கடையின் முகவரியையும் பணியிடமாகக் காட்ட முடியாது. வேறொரு நிறுவனத்தின் இடத்தில் வேலை செய்வாரா என்று அதே பகுதியில் ஒரு கேள்வி வரும். அது வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கான கேள்வி. சொந்த வீடு அதில் சேராது.

மாதம் ஒருமுறை கூட்டத்துக்குப் போய்வருவதால் சான் ஹோசே உங்கள் பணியிடமாகிவிடாது. ஆனால் அந்தப் பயணம் வாரக்கணக்கில் நீண்டு அங்கேயே வழக்கமான வேலை நடக்குமானால், எல்சிஏயில் இரண்டு முகவரிகளையும் காட்டிவிடுவது பாதுகாப்பு. ஒரே எல்சிஏயில் 10 இடங்கள்வரை காட்டலாம்.

வீடு பணியிடமானால் வீட்டில் நடக்கும் மாற்றங்களையும் சொல்லவேண்டும். எல்சிஏ அறிவிப்பு பணியிடத்தில் கண்ணில் படும் இரண்டு இடங்களில் மொத்தம் 10 நாள் இருக்கவேண்டும். நிறுவனம் தாளை அனுப்பும்; நீங்கள் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் இன்னொன்றை வேலை அறையின் கதவிலும் ஒட்டி, ஒட்டிய தேதியையும் எடுத்த தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவீர்கள். வீட்டில் நானும் மனைவியும்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். அந்தத் தாள் நிறுவனத்தின் கோப்பில் இருக்கவேண்டும், தணிக்கையில் கேட்பார்கள். உண்மையில் ஒட்டுங்கள், ஒட்டாமல் தேதி போட்டு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று ஆய்வு. முன்னறிவிப்பின்றிப் பணியிடத்துக்கு வந்து பார்க்கும் அதிகாரம் குடிவரவுத் துறைக்கு 2025 ஜனவரி விதிகளில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளியின் வீடும் அதில் அடக்கம். ஒத்துழைக்க மறுத்தால் மனு மறுக்கப்படலாம், ஏற்ற மனுவும் ரத்தாகலாம். பயப்பட ஒன்றுமில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். என்ன வேலை, மேலாளர் யார், சம்பளம் எவ்வளவு, எந்த நேரத்தில் வேலை என்று கேட்பார்கள். வேலை செய்யும் மேசையைப் பார்ப்பார்கள். வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பெற்றோர் வந்து தங்கியிருக்கும் நாளில் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் பதறிப்போய் “அவன் இங்கே வேலை செய்வதில்லை” என்று சொல்லிவிடுவது உண்டு. உங்களை அழைக்கச் சொல்லி வைத்தால் போதும்.

சம்பளச் சீட்டு விஷயத்தை நீங்களாகவே எழுதியது நல்லது. நீட்டிப்பு மனுவோடு சம்பளச் சீட்டுகளும் ஆண்டு வருமானப் படிவமான டபிள்யூ-2வும் இணைக்கப்படும். குடியிருப்பு வட கரோலினா என்று மனு சொல்ல, சீட்டு கலிபோர்னியா மாநில வரியையும் கலிபோர்னியா ஊனக் காப்பீட்டையும் பிடித்துக் காட்டினால், அதிகாரி கேள்வி எழுப்ப வேறு ஆதாரமே வேண்டாம். வட கரோலினாவில் நிறுவனம் வரிக்காகப் பதிவு செய்யவேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் முகவரியை மாற்றத் தயங்குவதற்கு உண்மையான காரணம் இதுவாகவே இருக்கிறது. மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வரிக் கணக்காளரையும் பாருங்கள்.

பெர்ம் பற்றிய உங்கள் கேள்வி இவை எல்லாவற்றையும்விட நீண்ட காலத்துக்கு உங்களைத் தொடரப்போகிறது. எச்-1பி இன்று நடக்கும் வேலையைப் பற்றியது. பெர்ம் கிரீன் கார்டு கிடைத்தபின் கிடைக்கப்போகும் வேலையைப் பற்றியது. அதனால் இரண்டிலும் முகவரி ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வேறாக இருந்தால் ஏன் என்று சொல்ல நேர்மையான காரணம் இருக்கவேண்டும். பெர்ம் சான்று அதில் சொல்லப்பட்ட வேலைக்கும், ஆளுக்கும், வட்டாரத்துக்கும் மட்டுமே செல்லும்.

உங்கள் நிறுவனத்துக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. கிரீன் கார்டு வந்ததும் நீங்கள் உண்மையாகவே சான் ஹோசேக்குத் திரும்பி வேலை செய்யவேண்டும் என்று இருவரும் எண்ணினால் சான் ஹோசே. வேலை கேரி வீட்டிலிருந்துதான் என்று உறுதியானால் கேரி. அப்போது ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் விளம்பரங்கள் இரண்டும் அந்த வட்டாரத்தில் வரவேண்டும், 30 நாள் வேலை அறிவிப்பு வட கரோலினா அரசின் என்சிவொர்க்ஸ் தளத்தில் போகவேண்டும். இந்த வேலையை அமெரிக்காவுக்குள் எங்கிருந்தும் செய்யலாம் என்பது நிறுவனத்தின் உண்மையான கொள்கை என்றால் மூன்றாவது வழி: தலைமை அலுவலகத்தை மையமாக வைத்து, எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்பதைப் படிவத்திலும் விளம்பரத்திலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. பணியிடம் முன்கூட்டியே தெரியாத வேலைகளுக்குத் தலைமை அலுவலக வட்டாரத்தில் விண்ணப்பிக்கச் சொல்லும் தொழிலாளர் துறையின் 1994ஆம் ஆண்டு சுற்றறிக்கைதான் இதற்கு இன்றும் வழிகாட்டி.

இந்தியாவில் பிறந்தவர் என்பதால் மூன்றாவது வழியைத்தான் நான் உங்களுக்காக முதலில் கேட்டுப்பார்ப்பேன். வேலைவழிக் கிரீன் கார்டின் ஈபி-2, ஈபி-3 வரிசைகளில் இந்தியர்களின் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது. அதற்குள் நீங்கள் எத்தனை வீடு மாறுவீர்களோ! கேரி வீட்டை மையமாக வைத்து பெர்ம் போட்டு, ஐந்தாண்டு கழித்து அட்லாண்டாவுக்குக் குடிபோனால், சான்று கேரியிலேயே நின்றுவிடும். பெர்மை மறுபடி தொடங்கவேண்டும். பெர்முக்குப் பின் நிறுவனம் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தால், வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி பொதுவாகக் கையோடு வரும், ஆனால் ஊதிய நிர்ணயம் பெறுவதும் விளம்பரமும் காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து. அதேசமயம் கொள்கை அப்படி இல்லாதபோது படிவத்துக்காக ‘எங்கிருந்தும்’ என்று எழுதவைக்காதீர்கள். சான் ஹோசேக்கு வாரத்தில் இரண்டு நாள் வரவேண்டும் என்று நாளை நிறுவனம் அழைத்தால் பெர்ம் பொய்யாகிவிடும்.

இந்த முடிவை பெர்ம் விண்ணப்பமான 9089 படிவம் போடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய 9089, வேலை விவரங்களை ஊதிய நிர்ணயத்துக்கான இடிஏ-9141 படிவத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 9141 அனுப்பும் நாளிலேயே முகவரி முடிவாகிவிடுகிறது. ஊதிய நிர்ணயம் வர மாதக்கணக்காகும்; தவறான முகவரியோடு வந்தால் அத்தனை மாதமும் போச்சு. எச்-1பியின் ஆறாண்டு வரம்பு முடிவதற்குக் குறைந்தது 365 நாள் முன்பாவது பெர்ம் தாக்கலாகியிருந்தால் ஏழாம் ஆண்டு நீட்டிப்பு கேட்க வழி இருக்கும் என்பதால், நான்காம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு நேரம் தாராளமாக இல்லை.

ஐ-140ல் பணியிடம் பெர்மில் சொன்னதே. ஐ-485 வரும்போது கடந்த ஐந்தாண்டில் நீங்கள் குடியிருந்த எல்லா முகவரிகளையும் மாதத்தோடு கேட்பார்கள். அன்றைக்கு வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு, ஏஆர்-11 மூன்றும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். இப்போதே ஒரு தாளில் வீடு மாறிய தேதிகளை எழுதத் தொடங்குங்கள்.

அம்மாவைப் பார்க்கும் பயணம். மதுரையில் இருந்து செய்யும் வேலைக்கு எல்சிஏ தேவையில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் நாட்கள் ஆறாண்டுக் கணக்கில் சேராமல் பிற்பாடு திரும்பக் கேட்டுப் பெறலாம், அதற்காக நுழைவு முத்திரைகளையும் விமானச் சீட்டுகளையும் வைத்திருங்கள். நிறுவனத்தின் எழுத்துவழி அனுமதியும், இந்திய வருமான வரி பற்றி ஒரு கணக்காளரின் சொல்லும் வேண்டும். ஆனால் திருத்த மனு முடிவாவதற்கு முன் கிளம்புவதை நான் விரும்பவில்லை. உங்கள் நிலை பற்றிய கேள்வி திறந்து கிடக்கும்போது சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா முத்திரைக்கு நிற்கவேண்டி வந்தால், விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் அமெரிக்காவில் எங்கே வேலை செய்வீர்கள் என்று முகவரியோடு கேட்கும். நேர்காணல் அதிகாரியும் அதையே வாய்விட்டுக் கேட்பார். உங்கள் பதில் ஒப்புதல் பெற்ற மனுவோடு பொருந்தவேண்டும். துரித பரிசீலனைக்கு நிறுவனம் கட்டணம் செலுத்தினால் டிசம்பருக்குள் முடிவு வர வாய்ப்பு இருக்கிறது. அதை இப்போதே கேளுங்கள். அம்மாவின் உடல்நிலை அதற்கு முன்பே உங்களை அழைத்தால், போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கிளம்புமுன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

கடைசியாகச் செலவு. திருத்த மனுவின் அரசுக் கட்டணமும் அதற்கான வழக்கறிஞர் கட்டணமும் நிறுவனத்தின் பொறுப்பு. வீடு மாறியது நீங்கள்தானே, நீங்களே கட்டுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. துரித பரிசீலனையை உங்கள் சொந்தப் பயணத்துக்காக மட்டும் கேட்டால், அதை யார் கட்டலாம் என்பதை வழக்கறிஞர் சொல்லுவார். நாளைக் காலை மனிதவளப் பிரிவுக்கு நீங்கள் எழுதவேண்டிய மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: எந்தத் தேதியில் கேரிக்கு வந்தேன், வீட்டின் முழு முகவரி இது, இங்கிருந்து முழுநேரம் வேலை செய்கிறேன், புதிய எல்சிஏயும் திருத்த மனுவும் தாக்கல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.